பாமினி மாற்றிக்கு விண்டோஸ் பதிப்பு இனியும் வேண்டுமா?

வாவிக்கரையான்
ஞாயிறு, இரவு 9.12

இரண்டு கிழமையாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் இழுபடுகிறேன். இங்கே கேட்டால் திட்டாவது கிடைக்கும் என்று வந்திருக்கிறேன்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை எல்லாக் கணனிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றும் என் சிறிய மென்பொருளை உங்களில் பலர் பாவிக்கிறீர்கள். தெரியாதவர்களுக்கு: பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் அப்படியொரு கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அதைத் தமிழாக்குவதுதான் வேலை. மூலநிரலை எவரும் பார்த்து, மாற்றி, பகிர இடம் தரும் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வெளியிடுகிறேன். எழுதுவது, சோதிப்பது எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் என்னுடைய மடிகணனியில். என் வீட்டில் விண்டோஸ் கிடையாது. விண்டோஸ் பதிப்பைக் கட்ட, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக்க, வேண்டிய நாட்களில் கல்லடிப் பாலம் தாண்டி அக்கா வீட்டுக்குப் போய் மருமகனுடைய கணனியை இரவல் கேட்கிறேன். அவனுடைய விளையாட்டு முடியும் வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

கடைசிப் பதிப்பில் உருப்படியான திருத்தம் ஒன்றே ஒன்று. பாமினியில் 'கொ' எழுத வேண்டுமென்றால் முதலில் கொம்பு (ெ), பிறகு க, பிறகு அரவு (ா) என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவார்கள். யுனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. வரி முடிவில் கொம்பு தனியே விழுந்து கிடந்தால் என் நிரல் குழம்பியது. அதைச் சரிசெய்ய இரண்டு இரவுகள் போதுமாயிருந்தன. அதே பதிப்பை விண்டோஸில் ஓடவைக்க ஒன்பது இரவுகள் போயின. பொதிசெய்த நிரலை நச்சுநிரல் தடுப்பான் ஒன்று நச்சுநிரல் என்றே பிடித்துத் தூக்கி எறிந்தது. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் நிரல் திறக்க மறுக்கிறது. மூன்று இரவு மினக்கெட்டும் தீரவில்லை. தமிழ் மாற்றி தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்காது என்று வெளியில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

இதற்கிடையில் ஒருவர் புதிய வசதி ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறார். அதைச் சேர்த்தால், வேர்ட் திறந்திருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தி முழு ஆவணத்தையும் மாற்றிவிடலாம். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆவணம் என்றாலும் பிழை விடாது. அழகான வேலை. ஆனால் விண்டோஸில், அதிலும் வேர்ட் இருக்கும் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

ஆகவே இரண்டு கேள்வி. விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிடலாமா? அந்த வேர்ட் பொத்தானைச் சேர்க்கலாமா?


மருதமுனைக்காரன்
ஞாயிறு, இரவு 9.40

தம்பி, நிறுத்த வேண்டாம். கடையைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு ஆறுதலாக எழுதுகிறேன். நிறுத்த வேண்டாம்.


படுவான்கரைப் பென்குயின்
ஞாயிறு, இரவு 10.25

அண்ணா, நிறுத்துங்கள். ஒன்பது இரவு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இதற்கு மேல் என்ன விவாதம்?

குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 செப்டெம்பரில் அறிவித்தது, முழுக் கணனியும் பாவிப்பவரின் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. விண்டோஸ் போன்ற தனியுரிம இயங்குதளத்துக்குள் ஒரு நல்ல மென்பொருளைக் கொண்டுபோய் வைத்தால் அந்தத் தளத்தின் கூரைக்கு நீங்கள் ஓலை வேய்ந்து கொடுக்கிறீர்கள். நனைந்தால்தானே ஆள் வீடு மாறுவார்?

வேர்ட் பொத்தான் பற்றிய கேள்விக்கு குனுவின் உரைத் தொகுப்பியான ஈமாக்ஸ் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஈமாக்ஸ் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடுகிறது. ஆனால் கட்டற்ற தளத்தில் இல்லாத வசதி தனியுரிமத் தளத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்பது அங்கே நடைமுறை. 2016 இல் 25.1 வந்தபோது மேக்கில் வண்ண எழுத்துரு, அதாவது வண்ண இமோஜி, காட்டக்கூடிய நிலையில் இருந்தும் அணைத்துவைத்தார்கள், லினக்ஸில் இன்னும் வரவில்லை என்ற காரணத்தால். 2020 இல் 27.1 இல், கெய்ரோ என்ற வரைகலை நிரலகம் வழியாக லினக்ஸிலும் வண்ணம் வந்த பிறகுதான் மேக்கில் மீண்டும் திறந்துவிட்டார்கள். அதைப் போல நீங்களும் அந்தப் பொத்தானைத் திருப்பி அனுப்புங்கள்.


திருக்கோவில் வடிவமைப்பு
ஞாயிறு, இரவு 10.31

மேக் பதிப்பு எப்போது வரும்?


வாவிக்கரையான்
ஞாயிறு, இரவு 10.50

@திருக்கோவில் வடிவமைப்பு, நேரம் பார்த்துக் கேட்டீர்கள். மேக் ஓ.எஸ்.ஐ ஆப்பிளின் சொந்தக் கணனியில் மட்டுமே ஓட்ட அதன் உரிமம் இடம் தருகிறது. எச்சரிக்கை எதுவும் வராமல் நிரல் திறக்க வேண்டுமென்றால் வருடம் 99 டொலர் கட்டி உருவாக்குநராகப் பதிந்து, ஒவ்வொரு பதிப்பையும் அவர்களுக்கு அனுப்பி முத்திரை வாங்க வேண்டும். ஏறத்தாழ 30,000 ரூபாய். என் மடிகணனியையே இரண்டாம் கையாக வாங்கியவன் நான். நீங்கள் மூலத்தை எடுத்துக் கட்டிப் பார்த்து, ஓடினால் எப்படி ஓடியது என்று எழுதித் தாருங்கள். கட்டும் குறிப்பில் உங்கள் பெயரோடு சேர்த்துவிடுகிறேன்.


களுதாவளை ரீச்சர்
திங்கள், காலை 6.15

படுவான்கரைத் தம்பிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பாடசாலைக்கு வெளிக்கிட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

2005 அளவில் களுவாஞ்சிகுடியில் ஒரு நெட் கபேயில் விண்டோஸ் எக்ஸ்.பி. கணனிகள் ஐந்தாறு இருந்தன. தமிழ் யுனிகோட் பக்கத்தைத் திறந்தால் எழுத்து சிதறி நிற்கும். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் இறுவட்டைப் போட்டு, வட்டாரத் தெரிவுகளுக்குள் போய், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகளை ஏற்ற வேண்டும். அந்த இறுவட்டு கடைக்காரரிடம் இருக்காது. அப்படிப்பட்ட கணனியில் யாரோ ஒருவர் ஃபயர்பொக்ஸைப் போட்டுவைத்திருந்தார். 2004 நவம்பரில்தான் அதன் முதற்பதிப்பு வந்திருந்தது. அந்த நரிப் படத்தைச் சொடுக்கப் போய்த்தான் 'திறந்த மூலம்' என்ற சொல்லையே முதன்முதலில் வாசித்தேன். பிறகு படம் பார்க்க வி.எல்.சி., பிறகு ஆவணம் அடிக்க ஓபன் ஒபிஸ். எல்லாம் விண்டோஸில். அதற்கும் பிறகு உபுண்டு என்ற லினக்ஸின் இறுவட்டை இலவசமாகத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு விலாசம் எழுதிப் போட்டேன். உறையைக் கொண்டுவந்த தபால்காரர் 'வெளிநாட்டில் மாப்பிள்ளையா' என்று கேட்டுவிட்டுப் போனார்.

விண்டோஸில் ஃபயர்பொக்ஸ் இல்லாதிருந்தால் நான் அந்த விலாசத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

இன்றைக்கும் சாதாரண தரப் பிள்ளைகள் பாஸ்கல் நிரல்மொழி படிப்பது ஃப்ரீ பாஸ்கலில். உயர்தரத்தில் பைத்தான். இரண்டும் கட்டற்றவை, எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டும் ஓடுவது விண்டோஸ் என்ற பணிசெயல் முறைமையில். அந்த இரண்டு குழுவும் உங்களைப் போல் முடிவெடுத்திருந்தால் என் பிள்ளைகள் கரும்பலகையில்தான் நிரல் எழுதியிருப்பார்கள்.


படுவான்கரைப் பென்குயின்
திங்கள், காலை 7.02

ரீச்சர், உங்கள் கதை உங்களுக்கு உண்மை. அதே கபேயில் அதே நரியைச் சொடுக்கிய மற்றவர்கள் எங்கே? 2008 இல் குரோம் வந்தது, அங்கே போனார்கள். நல்ல உலாவி வேண்டும் என்று வந்தவர்கள் இன்னொரு நல்ல உலாவியைக் கண்டதும் போய்விட்டார்கள். சுதந்திரத்தை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. விண்டோஸ் பதிப்பை லினக்ஸுக்கு ஏறும் ஏணி போலச் சொல்கிறீர்கள். ஒருவர் ஏறினார் என்பதற்காக நூறு பேருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர் அண்ணாவா?

இயங்குதளத்துக்கு 'பணிசெயல் முறைமை' என்ற சொல்லைப் பரீட்சைத் தாளுக்கு வெளியே பாவித்த முதல் ஆள் நீங்கள்தான்.


களுதாவளை ரீச்சர்
திங்கள், காலை 7.09

பரீட்சையில் புள்ளி போடுகிறவளும் நான்தான் தம்பி.


மருதமுனைக்காரன்
திங்கள், காலை 10.20

இப்போது கடையில் கூட்டம் குறைவு. மழை. எழுதுகிறேன்.

கல்முனையில் என் கடை போட்டோக்கொப்பி, தட்டச்சு, லெமினேட்டிங், எல்லாம் சேர்ந்தது. பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு அதிபர்மார் வருகிறார்கள். பள்ளிவாசல் கடிதம் வருகிறது. எங்கள் ஊர்க் கைத்தறிச் சங்கத்துப் பெயர்ப் பட்டியல் வருகிறது. எல்லாம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பாமினியில் அடித்தவை. இப்போது அலுவலகங்கள் யுனிகோடில் கேட்கின்றன. முந்தி ஒவ்வொன்றையும் திரும்ப அடித்தோம். உங்கள் மாற்றி வந்த பிறகு ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். பெரிய உபகாரம்.

இனி உண்மையைச் சொல்கிறேன். என் கடையில் இருக்கும் மூன்று விண்டோஸும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. கணனி திருத்துகிற பொடியன் வந்து போட்டுக்கொடுத்தான், அவனுக்குக் கூலி கொடுத்தேன், அவ்வளவுதான். ஆகவே 'லினக்ஸ் இலவசம் காக்கா' என்று அண்ணன் முறை கொண்டாடி யாரும் என்னிடம் வர வேண்டாம். எனக்கு இரண்டும் ஒரே விலை. லினக்ஸ் ஏன் போடவில்லை என்றால், கடவுச்சீட்டுப் படம் வெட்டுகிற மென்பொருள் அதில் இல்லை. ஸ்கேனர் ஓடுமா தெரியாது. கடையில் வேலை செய்கிற பிள்ளை வேர்டில் பழகியவள், வரிசையில் ஆள் நிற்கும்போது புதிதாகப் பழக முடியாது. வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவருகிற ஆவணத்தில் அட்டவணை ஒரு கோடு நகர்ந்தாலும் என்னைத்தான் ஏசுவார்.

பென்குயின் தம்பி நனைந்தால் வீடு மாறுவார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் மாற மாட்டேன், திரும்ப அடிக்கப் போய்விடுவேன். அந்தப் பிள்ளைக்குத்தான் கைநோவு.

விண்டோஸ் 10 க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டார்கள் என்று அந்தப் பொடியன் சொல்கிறான். 11 போட இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டுமாம், டி.பி.எம். என்று ஒரு பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். என்னுடைய இரண்டு கணனி ஆறாம் தலைமுறை. அவற்றை என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.


படுவான்கரைப் பென்குயின்
திங்கள், பகல் 12.44

காக்கா, அந்த இரண்டில் ஒன்றை எனக்குத் தாருங்கள். தூக்கிக்கொண்டு போக மாட்டேன், உங்கள் கடையிலேயே இருந்து லினக்ஸ் போட்டுத் தருகிறேன். விரிவுரை இல்லாத நாளில் வந்தாறுமூலையிலிருந்து வருகிறேன். பஸ் காசு மட்டும் போதும். இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இருக்கிறது, பழைய தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டியது, அந்தப் பிள்ளைக்குக் கை தடுமாறாது.

கைநோவு பற்றி எழுதியதை வாசித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.


கோட்டைமுனையான்
திங்கள், இரவு 8.30

வேலை முடிந்து அறைக்கு வந்து இப்போதுதான் வாசித்தேன். கொழும்பில் இதே தொழிலில் கிடப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சான் வாவிக்கரையானுடைய மூன்று இரவு. உன் நிரலில் கோப்பைத் திறக்கும் பகுதி சி மொழியில் இருக்கிறது, சரியா? விண்டோஸில் சி மொழியின் வழக்கமான திறப்புச் செயற்கூறு, கோப்பின் பெயரைப் பழைய எட்டு பிட் குறிமுறைப் பக்கம், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை, ஒன்றின் வழியாகத்தான் அனுப்பும். ரஷ்ய மொழிக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கிறது, அரபுக்கு இருக்கிறது, தாய்லாந்து மொழிக்கு இருக்கிறது. தமிழுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விண்டோஸ் 2000 இல் தமிழ் நுழைந்தபோதே யுனிகோட் வழியாக மட்டும்தான் நுழைந்தது. ஆகவே உன் தமிழ்ப் பெயர் அந்தக் குழாய்க்குள் போகும்போது ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடுகிறது. விண்டோஸில் கோப்புப் பெயரில் கேள்விக்குறிக்கே இடமில்லை. எப்படித் திறக்கும்? லினக்ஸில் பெயர் வெறும் பைட் வரிசை, அப்படியே போய்விடும், அதனால் உனக்கு அங்கே தெரியவே இல்லை.

தீர்வு இரண்டு. யுனிகோட் பெயரை அப்படியே எடுக்கும், விண்டோஸுக்கென இருக்கும் அகல எழுத்துச் செயற்கூற்றைக் கூப்பிடலாம். அல்லது 2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு முதல், நிரலோடு போகும் விவரக்கோப்பில் 'என் குறிமுறை யு.டி.எப்.-8' என்று, அதாவது யுனிகோடின் பைட் வடிவம் என்று, அறிவிக்கலாம். இரண்டாவது சில வரிகள்தான். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு அது வேலைசெய்யாது. அவர்களை விட்டுவிடு, பைத்தானே 3.9 முதல் விட்டுவிட்டது.

பைத்தான் பகுதியிலும் பார். கோப்பைத் திறக்கும்போது குறிமுறையைச் சொல்லாமல் விட்டிருந்தால் விண்டோஸில் அது யு.டி.எப்.-8 என்று எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு இடத்திலும் எழுது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். தளங்களைச் சுமப்பதற்கு விலை உண்டு என்று பென்குயின் சொல்வது பொய் இல்லை. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். நிரலகத்தில் 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிழை என்னவோ கேட்பவர் சொல்லும் தரவு நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதுதான். ஆனால் ஓபன் பி.எஸ்.டி. என்ற கட்டற்ற இயங்குதளத்தின் குழுவினருக்குக் கோபம் வந்தது வேறொன்றில். சில தளங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக இருக்கிறது என்பதற்காக ஓபன் எஸ்.எஸ்.எல். தனக்கென்று ஓர் ஒதுக்கீட்டு அடுக்கை வைத்திருந்தது. அந்த அடுக்கு, அவர்கள் தங்கள் இயங்குதளத்தில் கட்டிவைத்திருந்த காவலை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. யாருடைய மெதுவான கணனிக்கோ காட்டிய சலுகை, நல்ல காவல் வைத்திருந்தவன் தலையில் விடிந்தது. அவர்கள் அதிலிருந்து பிரித்தெடுத்த லிப்ரே எஸ்.எஸ்.எல்.இல் பழைய மேக், ஓ.எஸ்/2, வி.எம்.எஸ்., 16 பிட் விண்டோஸ் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார்கள். இன்றைய விண்டோஸைக் கைவிட்டுவிடவில்லை. தங்கள் தளத்துக்கு மட்டும் சுத்தமாக எழுதி, மற்றத் தளங்களுக்கான ஒட்டுவேலையைத் தனிப் பொதியாகப் பிரித்துவைத்தார்கள். எனக்குப் பிடித்த ஒழுங்கு அதுதான்: சமையலறை உனக்கு, விருந்தாளிக்குத் திண்ணை.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம், அதுவும் எங்கள் எழுத்தைப் பற்றியதே. லிப்ரே ஒபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் முந்தி எழுத்துகளைக் கோர்க்க விண்டோஸில் விண்டோஸின் கருவியையும், மேக்கில் மேக்கின் கருவியையும் பாவித்தது. ஒரே ஆவணம் ஒவ்வொரு கணனியிலும் ஒவ்வொரு மாதிரி மடியும். 2017 இல் 5.3 பதிப்பில் எல்லாத் தளத்திலும் ஹார்ப்பஸ் என்ற கட்டற்ற கருவியையே பாவிக்கத் தொடங்கினார்கள். விண்டோஸில் ஓடியும் விண்டோஸிடம் கை நீட்டாத நிலை. பென்குயின் இதைக் கவனிக்க வேண்டும். தனியுரிமத் தளத்தில் ஓடுவது வேறு, அதில் சாய்ந்து நிற்பது வேறு.

அந்த அளவுகோலால் வேர்ட் பொத்தானை அளந்து பார். அது சாய்ந்து நிற்கிறது. வேர்ட் நிறுவியிருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும். ஆனால் பொத்தான் தீர்க்கிற பிரச்சினை என்ன? எந்தத் துண்டு பாமினி, எந்தத் துண்டு ஆங்கிலம் என்று அறிவது. அதை அறிய வேர்டே தேவையில்லை. வேர்டின் டொக்எக்ஸ் கோப்பு என்பது சிப் பொதிக்குள் எக்ஸ்.எம்.எல். கோப்புகள். 2006 இல் எக்மா என்ற அமைப்பின் தரம், 2008 இல் ஐ.எஸ்.ஓ. 29500. ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் உள்ளேயே எழுதியிருக்கும். பாமினி என்று எழுதியிருக்கிற துண்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் திரும்பப் பொதிசெய். உன் டெபியனிலேயே எழுதலாம், சோதிக்கலாம். பழைய டொக் கோப்பு வந்தால் லிப்ரே ஒபிஸைத் திரையில்லாமல் ஓட்டி டொக்எக்ஸ் ஆக்கிக்கொள். அனுப்பியவருக்கு நன்றி சொல்லி, அவர் துண்டுகளைப் பிரித்த முறையை மட்டும் எடுத்துக்கொள்.


படுவான்கரைப் பென்குயின்
திங்கள், இரவு 9.05

நீங்கள் சொன்ன வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டொக்எக்ஸ்? அந்தத் தரம் நிறைவேறிய காலத்தில் எவ்வளவு சண்டை என்று உங்களுக்குத் தெரியும். ஓ.டி.எப். என்ற திறந்த ஆவண வடிவம் ஏற்கெனவே ஐ.எஸ்.ஓ. தரமாக இருந்தது.


கோட்டைமுனையான்
திங்கள், இரவு 9.11

தெரியும். மருதமுனைக் காக்காவின் கடைக்கு யாராவது பென் டிரைவில் ஓ.டி.எப். கொண்டுவந்த நாள் எனக்குச் சொல், கொழும்பிலிருந்து வந்து உனக்குப் பிரியாணி வாங்கித் தருகிறேன்.


களுதாவளை ரீச்சர்
திங்கள், இரவு 9.30

ஒரு சந்தேகம். இதை ஏன் ஓர் இணையப் பக்கமாகச் செய்யக்கூடாது? 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு சகானா என்று ஒன்றை நம் நாட்டுத் தன்னார்வலர்கள் கட்டினார்கள். இடம்பெயர்ந்தவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் எல்லாவற்றையும் பதிந்துகொள்ள. அம்பாறையும் மட்டக்களப்பும் கிடந்த கிடையை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த மென்பொருள் உலாவியில் ஓடியது. பாவிப்பவரின் கணனியில் எந்த முறைமை என்ற கேள்வியே எழவில்லை. 2006 க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மை விருதும் அதற்குத்தான் கிடைத்தது.


மருதமுனைக்காரன்
திங்கள், இரவு 9.52

ரீச்சர், என் கடைக்கு வருகிற ஆவணத்தில் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது, விவாகப் பதிவு இருக்கிறது. அதை எங்கோ இருக்கிற கணனிக்கு ஏற்றிவிட்டேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் இணையமும் நின்று நின்றுதான் வருகிறது.

கோட்டைமுனைத் தம்பி எழுதியதில் பாதி விளங்கவில்லை. கேள்விக்குறி விடயம் மட்டும் நன்றாக விளங்கியது. என் கடையிலும் அதேதான், பிள்ளை ஒவ்வொரு கோப்பையும் ஆங்கிலத்தில் பெயர் மாற்றிவிட்டுத்தான் உங்கள் மாற்றியில் போடுகிறாள். அது வழமையான வேலைமுறை என்று நினைத்திருந்தோம்.

இன்னொன்று. விண்டோஸ் பதிப்புக்குக் காசு வாங்குங்கள். நான் தருகிறேன்.


படுவான்கரைப் பென்குயின்
திங்கள், இரவு 9.58

கட்டற்ற மென்பொருளுக்குக் காசா?


கோட்டைமுனையான்
திங்கள், இரவு 10.03

ஜி.பி.எல். அதைத் தடுக்கவில்லையே. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை அதன் தளத்தில் இலவசமாக இறக்கலாம், மைக்ரோசொப்டின் இணையக் கடையிலும் ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்திலும் விலைக்கு விற்கிறார்கள். மூலம் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டிக் கொடுக்கும் கூலி வேறு.


வாவிக்கரையான்
செவ்வாய், இரவு 11.40

இன்று இரண்டு மணித்தியாலம் மின்சாரம் இல்லை. இருந்த நேரத்தில் டொக்எக்ஸ் பிரிக்கும் பகுதியை எழுதிப் பார்த்தேன். என் கையில் இருந்த நான்கு ஆவணங்களும் சரியாக மாறின. ஆங்கிலம் ஆங்கிலமாகவே நிற்கிறது. வேர்ட் பொத்தானை அனுப்பியவருக்கு எழுதினேன். கோபிக்கவில்லை, அவருக்கே வேர்ட் திறந்திருக்க வேண்டும் என்பது தொந்தரவாக இருந்ததாம்.

என் முடிவைச் சொல்கிறேன். இனி எந்த வசதியும் முதலில் லினக்ஸில் ஓட வேண்டும். விண்டோஸுக்கு மட்டும் தேவையான வரிகள் ஒரு தனிக் கோப்புக்குள் இருக்கும். என்னிடம் விண்டோஸ் இல்லை, இனி மருமகனிடமும் இரவல் கேட்கப் போவதில்லை. விண்டோஸ் பதிப்பை விண்டோஸ் வைத்திருக்கிற யாராவது சோதித்துச் சரி என்று எழுதினால் மட்டும் வெளியிடுவேன். எழுதாவிட்டால் அந்த முறை லினக்ஸுக்கு மட்டும். காசு வேண்டாம் காக்கா. உங்கள் கடையில் அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் சோதித்துத் தந்தால் போதும், அதற்கு நான்தான் அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

பென்குயினுக்கு இது அரைகுறையாகத் தெரியும். நிறுத்திவிடத்தான் ஞாயிறு இரவு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு கோப்பையும் ஆங்கிலத்தில் பெயர் மாற்றிவிட்டுப் போடுகிறார்கள் என்று வாசித்ததும் என்னால் முடியவில்லை. அது என்னுடைய பிழை, மைக்ரோசொப்டுடையது அல்ல. என்னிடம் ஒருவரும் சொல்லாமல் அதைச் சுமந்திருக்கிறார்கள்.

சோதனைப் பதிப்பைப் போட்டிருக்கிறேன். தமிழ்ப் பெயரோடு கோப்புகளைப் போட்டுப் பாருங்கள்.


படுவான்கரைப் பென்குயின்
புதன், பின்னேரம் 5.15

அரைகுறைதான். ஆனால் லினக்ஸ் முதலில் என்று எழுதிவிட்டீர்கள், அதை நிழற்படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று கல்முனைக்குப் போனேன். ஒரு கணனியில் டெபியன் போட்டாயிற்று. பிரின்டர் தானாக வந்தது. ஸ்கேனர் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் பார்த்தும் முடியவில்லை. காக்கா ஒன்றும் சொல்லாமல் தேநீரும் வடையும் தந்தார், அதுதான் கூடுதல் சங்கடம். அந்தக் கணனியை இப்போதைக்குத் தட்டச்சுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். கடையில் வேலை செய்கிற அக்கா நான் நினைத்ததைவிட வேகமாகப் பழகினார்.

கடவுச்சீட்டுப் படத்துக்கு ஜிம்ப் என்ற படத் திருத்தியில் ஒரு சிறு நிரல் எழுதலாம் என்று நினைக்கிறேன். அதையும் விண்டோஸில் ஓடும்படியா எழுதுவது என்று கேட்டு யாரும் கேலி செய்ய வேண்டாம்.


மருதமுனைக்காரன்
வியாழன், காலை 11.05

சோதித்தாயிற்று. விண்டோஸ் கணனியில் பதினொரு கோப்பு போட்டோம், எல்லாம் தமிழ்ப் பெயர். பதினொன்றும் திறந்தன. பிள்ளை நம்பாமல் ஒன்றை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தாள்.

ஒன்பது கோப்பு சுத்தம். இரண்டில் பந்தி எல்லாம் தமிழாகிவிட்டது, அட்டவணைக்குள் இருக்கிறவை மட்டும் மாறாமல் ஆங்கில எழுத்தாகவே நிற்கின்றன. டெபியன் கணனியிலும் அதே இரண்டு, அதே இடம்.


கோட்டைமுனையான்
வியாழன், பகல் 1.20

இரண்டு தளத்திலும் ஒரே பிழை என்றால் நல்ல செய்தி. அட்டவணையில் எழுத்துருவைத் துண்டில் எழுதாமல், வேர்ட் 'ஸ்டைல்' என்று சொல்கிற பாணியில் எழுதியிருப்பார்கள். மச்சான், பாணிகளுக்கென்று தனிக் கோப்பு அந்தச் சிப் பொதிக்குள் இருக்கிறது, அதையும் வாசிக்க வேண்டும்.


வாவிக்கரையான்
வியாழன், இரவு 9.30

காக்கா, அந்த இரண்டு கோப்பையும் எனக்கு அனுப்ப முடியுமா?


மருதமுனைக்காரன்
வியாழன், இரவு 9.48

அனுப்ப முடியாது தம்பி, ஆட்களின் பெயரும் இலக்கமும் இருக்கின்றன. நீங்கள் வந்து இங்கேயே பாருங்கள். நாளை வெள்ளி, ஜும்மாவுக்குக் கடை பூட்டு. மூன்றரைக்குப் பிறகு வாருங்கள். கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி அழைத்தால் வந்து கூட்டிக்கொண்டு போவேன். மடிகணனியைக் கொண்டுவாருங்கள், மழைக்கு மூடப் பொலித்தீன் ஒன்றும்.